சொடக்கு விழாத சுண்டு விரல்

இளநீரைச் சீவ அரிவாள் எடுத்துக்கொள்ளாமல், இளநீரை மட்டும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஒரு தீவுக்குப் போன ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான்தான் அது. அந்த இளநீரைக் கடைசிவரை யாரும் குடிக்கவில்லை. போன மாதிரியே திரும்பி வந்தது.

இதை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. இவ்வளவு முட்டாள்தனத்தைத் தானாக ஒப்புக்கொள்கிறவன் மிச்சத்தில் மட்டும் ஏன் பொய் சொல்லப்போகிறான் என்று நீங்கள் நினைப்பீர்கள் என்ற நப்பாசைதான். ஏனென்றால் மிச்சத்தை நம்புவது கொஞ்சம் கஷ்டம்.

பேய், ஆவி இதிலெல்லாம் எனக்கு அன்றைக்கும் நம்பிக்கை கிடையாது, இன்றைக்கும் கிடையாது. காரிமங்கலம் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக வாத்தியாராக இருந்தபோது, சந்தைக்குப் போகிற வழியில் இருக்கும் மரத்தில் ஏதோ இருக்கிறது என்று சொன்ன பையன்களை நிற்கவைத்து ஒரு பீரியட் முழுக்கப் பகுத்தறிவு பேசியவன் நான். இருட்டிய பிறகு அந்த வழியாக நான் போனதில்லை என்பது வேறு விஷயம். வேறு வழி கிட்டமாக இருந்தது.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. எனக்கும் ரீட்டாவுக்கும் கல்யாணமாகி நாலு மாதம். ரீட்டா தர்மபுரியில் நர்ஸ். அதற்கு இரண்டு மாதம் முன்பு, கல்யாணமான முதல் கிறிஸ்துமஸுக்கு நல்லம்பள்ளியில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தோம். வாசலில் நட்சத்திரம் கட்ட வேண்டும். மச்சான் ஏணி கொண்டுவரப் போனான். புது மாப்பிள்ளைக்கு ஏணி எதற்கு என்று நான் பக்கத்திலிருந்த மரத்தில் ஏறினேன். அது முருங்கை மரம். முருங்கைக் கிளை ஆள் கனம் தாங்காது என்று அந்த ஊரில் நடை பழகும் குழந்தைக்கும் தெரியும். ஊரில் உள்ள நூலகத்தையெல்லாம் படித்து முடித்த எனக்குத் தெரியவில்லை. நட்சத்திரத்தோடு விழுந்தேன்.

எலும்பு உடையவில்லை. ஆனால் வலது கை தோளுக்கு மேல் வர மறுத்துவிட்டது. இரண்டு மாதமாகத் தலை வாரிவிட்டது ரீட்டா. கரும்பலகையில் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதினேன். பையன்கள் எனக்கு 'அரை போர்டு' என்று பெயர் வைத்தார்கள். அதையும் தாங்கியிருப்பேன். அந்த நேரம் பார்த்து, நாலு வருடமாகக் காத்திருந்த அரசாங்க வாத்தியார் வேலைக்கு உத்தரவு வந்தது. திங்கட்கிழமை டாக்டர் முன்னால் நின்று உடல் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். கையைத் தூக்கச் சொல்வார்கள். தூக்க முடியாவிட்டால் உத்தரவைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம், அதற்கும் யாராவது கை தூக்க வேண்டும்.

"திங்கக்கெழம வரைக்கும் வூட்டுல உக்காந்து கையவே பாத்துக்கிட்டிருக்காதீங்க. எங்கியாச்சும் போயிட்டு வரலாம்" என்றாள் ரீட்டா.

அப்போதுதான் எனக்கு அந்தப் பத்திரிகை ஞாபகம் வந்தது. பழைய பேப்பர் கடையில் எடுத்த வெளிநாட்டு ஆங்கிலப் பத்திரிகை. சின்னத் தீவுக்கு விடுமுறைக்குப் போனால் என்னென்ன செய்யலாம் என்று படம் போட்டு எழுதியிருந்தார்கள். வெயில் காயலாம், இரண்டு மரங்களுக்கு நடுவில் தொட்டில் கட்டிப் படுக்கலாம், கிளிஞ்சல் பொறுக்கலாம், இளநீர் குடிக்கலாம், எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துக்கொள்ளலாம். எங்கள் ஜில்லாவில் கடல் இல்லை. ஆனால் மாசி மாதம் ஒகேனக்கல்லில் தண்ணீர் இறங்கினால் ஆற்றுக்கு நடுவில் பாறையும் மணலுமாகத் திட்டுகள் எழும்பும். நாலு பக்கமும் தண்ணீர் இருந்தால் தீவு. நானே பையன்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

சனிக்கிழமை பென்னாகரம் வழியாகப் பஸ் பிடித்துப் போனோம். இறங்கியதுமே எண்ணெய்ப் புட்டியோடு மூன்று பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒகேனக்கல் வழக்கம் அது. ஆற்றோரப் பாறையில் ஜட்டியோடு குப்புறப் படுத்தால் உடம்பில் உள்ள அத்தனை முடிச்சையும் அவிழ்த்து, கடைசியில் பத்து விரலிலும் சொடக்கு எடுத்து அனுப்புவார்கள். பத்து சொடக்கும் விழுந்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. எனக்கோ, நாலு மாத மனைவிக்கு முன்னால், பாதி தர்மபுரி குளித்துக்கொண்டிருக்கும் இடத்தில், எண்ணெயில் ஊறிய வாத்தியாராகக் கிடக்க மனம் வரவில்லை. பட்டியலில் அந்த வரியை அடித்துவிட்டேன்.

"கைக்கு நல்லதுதானுங்களே" என்றாள் ரீட்டா.

"எவனாவது என் மாணவன் பார்த்துவிட்டால்?"

"அரை போர்டு இன்னிக்கு அரை டவுசர்ல இருக்காருன்னு சொல்லுவான், வேறென்ன."

மாதையன் என்ற பரிசல்காரர் எங்களை ஏற்றிக்கொண்டார். வறுத்த மீன் பொட்டலம், இளநீர், ரீட்டாவின் பழைய சேலை ஒன்று. திட்டில் இறக்கிவிட்டு, "நாலு மணிக்கு வந்துடறனுங்க. தண்ணியில எறங்காதீங்க, வாத்தியாரே, பாறை வழுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தத் தீவு நீளவாக்கில் முப்பது தப்படி. ஒரே ஒரு நீர்மருது மரம், அதற்கடியில் மேசை மாதிரி தட்டையான ஒரு பாறை. தொட்டிலுக்கு இரண்டு மரம் வேண்டும். நான் சேலையின் ஒரு முனையை மரத்தில் கட்டிவிட்டு மறுமுனையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன்.

"அதைப் புடிச்சுக்கிட்டு அப்பிடியே நில்லுங்க, நான் படுத்து ஆடறேன்" என்றாள் ரீட்டா.

வெயில் காய்வதை இரண்டே நிமிடத்தில் முடித்தோம். தர்மபுரிக்காரனுக்கு வெயில் ஒரு பொழுதுபோக்கு இல்லை. கிளிஞ்சல் பொறுக்கியதில் நாலு நத்தைக்கூடும் சோடா பாட்டில் கோலி ஒன்றும் கிடைத்தன. இளநீரைப் பாறையில் மோதினேன், பாறைதான் கொஞ்சம் தேய்ந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அத்தனை சந்தோஷமாக நான் எந்த இடத்திலும் இருந்ததில்லை. மீனைத் தின்றோம். ரீட்டா தீவின் மறுமுனையில் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு மரத்தடிப் பாறையில் குப்புறப் படுத்தேன். திங்கட்கிழமையை மறக்க முயன்றேன், முடியவில்லை. மணி இரண்டு இருக்கும். நல்ல பகல்.

யாரோ முதுகில் எண்ணெய் ஊற்றினார்கள்.

ரீட்டா என்று நினைத்துத் திரும்பினேன். தலையில் துண்டு கட்டிய, ஒல்லியான, வயது சொல்ல முடியாத ஒரு ஆள். கையில் பச்சைக் கண்ணாடிப் புட்டி, அதற்குச் சோளத்தட்டையில் செய்த மூடி. கரையில் துரத்தியவர்களில் ஒருவர் பரிசலில் வந்து விட்டார் போல என்று நினைத்தேன். வேறு என்ன நினைப்பது.

"வேண்டாமுங்க" என்றேன்.

"சும்மா படுங்க சாமி. எழுதற கையிங்களா இது?"

"ஆமாங்க."

"எப்பத் தூக்கோணும்?"

"திங்கக்கெழமைங்க" என்று என் வாய் தானாகச் சொன்னது. எதற்குத் தூக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. எப்போது என்றுதான் கேட்டார். அது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

"ஸ்வல்ப வலிக்கும். தாங்கிக்கோங்க" என்றார், கன்னடம் கலந்து. தோளில் கட்டை விரலை வைத்தார். அவர் கை குளிர்ச்சியாக இருந்தது, ஆற்றுக்குள் கிடந்த கூழாங்கல்லை எடுத்து வைத்த மாதிரி. பயமாக இருந்ததா என்று கேட்பீர்கள். உண்மையைச் சொன்னால் சுகமாக இருந்தது. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் எங்கேயோ போய்விட்டேன். உள்ளே ஏதோ ஒன்று நகர்ந்து இடத்தில் உட்கார்ந்தது. பிறகு ஒவ்வொரு விரலாகச் சொடக்கு எடுத்தார். வாத்தியார் இல்லையா, எண்ணினேன். ஒன்பது. இடது கைச் சுண்டு விரலைப் பிடித்தவர் இழுக்காமல் அப்படியே வைத்துவிட்டார்.

"அது இருக்கட்டும்" என்றார்.

"ஏங்க, யாருக்கு டாட்டா காட்டறீங்க?"

கண்ணைத் திறந்தேன், பாறையில் எழுந்து உட்கார்ந்திருந்தேன். ரீட்டா எதிரில் நின்றிருந்தாள். என் வலது கை தலைக்கு மேலே நேராக நின்றிருந்தது, பதில் தெரிந்த மாணவன் மாதிரி. ரீட்டாவின் முகம் மாறியது. கிட்டே வந்து கையைப் பிடித்து இறக்கினாள், திரும்பத் தூக்கினாள், சுழற்றினாள். வலிக்கவில்லை. பாறையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"அந்த ஆள் எங்கே?" என்றேன்.

"எந்த ஆளு?"

முப்பது தப்படித் தீவில் ஒளிய இடம் கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் பரிசலும் இல்லை. அவள் இவ்வளவு நேரமும் இருபது தப்படி தள்ளி இருந்திருக்கிறாள், ஒரு குரலும் கேட்கவில்லை. நான் கனவு கண்டிருக்கலாம், கனவில் கையைத் தூக்கியதில் தசை விட்டிருக்கலாம். இதை நானே முதலில் சொன்னேன். ஆனால் என் முதுகெல்லாம் எண்ணெய். நாங்கள் எண்ணெய் கொண்டுவரவில்லை. சுருட்டி எறிந்த சட்டை சதுரமாக மடித்து, காற்றில் பறக்காமல் மேலே ஒரு கல் வைக்கப்பட்டிருந்தது. வாழ்க்கையில் நான் சட்டை மடித்ததில்லை. ரீட்டா என் தோளை முகர்ந்து பார்த்து, "நல்லெண்ணெயுமில்ல, வெளக்கெண்ணெயுமில்ல" என்று மட்டும் சொன்னாள்.

நாலு மணிக்கு மாதையன் வந்தார். எண்ணெய் பளபளக்க நான் பரிசலில் ஏறுவதைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். பாதி ஆறு வந்ததும் அவரே கேட்டார்.

"ஒரு வெரல உட்டுட்டாருங்களா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"சுண்டு வெரலு?"

"யாருங்க அவரு?" என்றாள் ரீட்டா.

"நான் பாத்ததில்லீங்கம்மா. எங்கப்பா சொல்லிக் கேட்டிருக்கறேன். பிரியமான ஆளுன்னா ஒரு வெரல உட்டுருவாராம், திரும்பி வரட்டும்னு." துடுப்பைப் போட்டுப் பரிசலைத் திருப்பினார். வருகிறவர்களுக்கெல்லாம் பரிசலைச் சுழற்றிக் காட்டும் வேடிக்கைச் சுற்றைக் கூட அன்று சுற்றவில்லை.

திங்கட்கிழமை டாக்டர், "கையைத் தூக்குங்க" என்றார். தூக்கினேன். "போதும், இறக்குங்க" என்று அவர் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. வேலை கிடைத்தது. கரும்பலகையின் மேல் விளிம்புவரை எழுதினேன், பின் பெஞ்சுக்காரர்கள் கழுத்து வலிக்கிறது என்று முறையிடும்வரை.

அந்தச் சுண்டு விரலில் இன்றுவரை சொடக்கு விழவில்லை. அதற்கு முன்பு நன்றாக விழுந்த விரல்தான். முடிவெட்டுகிறவர் இழுத்துப் பார்த்துவிட்டார், ரீட்டா இழுத்துப் பார்த்துவிட்டாள், என் மகள் இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்துவிட்டாள். மற்ற ஒன்பதும் பட்பட்டென்று விழும். இதற்கும் ஏதாவது மருத்துவக் காரணம் இருக்கும், எனக்கு நம்பிக்கை இருக்கிறது. ஒகேனக்கல்லுக்கு அதற்குப் பிறகு எத்தனையோ முறை போனோம். தண்ணீர் இறங்கியிருக்கும்போது கரையில் நின்று அந்த மரத்தைப் பார்ப்பேன். மாதையன் பரிசலை நிறுத்தி, போலாமுங்களா வாத்தியாரே என்று கேட்பார். அடுத்த தடவை பார்க்கலாம் என்பேன். பயம் என்று சொல்ல மாட்டேன். அந்த விரலும் சொடக்கு விழுந்துவிட்டால் அவருக்கு என்னிடம் வேலை முடிந்துவிடும், எனக்கு அங்கே திரும்பிப் போக வேண்டியது இருக்காது. அது ஏனோ எனக்குப் பிடிக்கவில்லை. அதே சமயம், சில நாள் மத்தியானம் குப்புறப் படுத்திருக்கும்போது அந்த விரல் மட்டும் குளிர்ந்து போகிறது. அப்போது நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

போன வாரம் இதையெல்லாம் உருக்கமாக ரீட்டாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தவள் கடைசிவரை கேட்டாள்.

"அந்த மனுசன் எங்கிருந்தோ வந்து மெனக்கெட்டுக் கையச் சரி பண்ணிவுட்டுப் போனாரு. ஒரு நாளாச்சும் பரண் மேல இருக்கற அண்டாவ எடுத்துக் குடுத்திருக்கீங்களா?" என்றாள்.