டியோடண்ட் என்ற சொல்லும் ஆவடி பஸ்ஸும்

பூந்தமல்லியில் ஒரு வக்கீலிடம் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்த முதல் வாரமே முனியம்மாள் வந்துவிட்டாள். யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள், பின்னால் மாட்டிய அடுப்பில் கரி எரித்து வரும் வாயுவில் ஓடின. ஆவடி ஏரிக்கரைச் சரிவில் நின்ற பஸ்ஸின் பின்னால் டிரைவர் கரி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தான். வண்டி ஆளில்லாமல் உருண்டு, இளநீர் விற்ற அவள் புருஷன்மேல் ஏறியது. அவன் அங்கேயே போய்விட்டான். சக்கரத்துக்குக் கல் வைப்பது கண்டக்டர் வேலை. வைக்கவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

"அந்த பஸ்ஸப் புடுங்கி வெக்க முடியாதா சாமி? அது இன்னும் ஓடிக்கினு கீது."

வக்கீல் சிரித்துவிட்டார். "அதுக்கு இங்கிலீஷ்ல ஒரு சொல்லே இருந்துச்சும்மா. டியோடண்ட்."

அகராதியைப் பிரித்தார். ஆங்கிலத்தில் ஏழே எழுத்து. லத்தீனில் கடவுளுக்குக் கொடுக்க வேண்டியது என்று பொருள். இங்கிலாந்தில் ஒருவனைக் கொன்றது வண்டியோ குதிரையோ, யார் தப்பு என்று கேட்காமல் அதையோ அதன் விலையையோ ராஜா எடுத்துக்கொள்வார். தர்மத்துக்குச் செலவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ரயில் வந்து ஆட்களைக் கொன்றதும் ஜூரிகள் இன்ஜினுக்கே விலை போட ஆரம்பித்தார்கள். கொஞ்ச காலத்தில் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். பதிலுக்கு, தப்பை நிரூபித்தால் குடும்பத்துக்கு நஷ்டஈடு என்று வேறு சட்டம் வந்தது.

"குதுர கொன்னப்போ இருந்துச்சி, இன்ஜின் கொன்னப்போ எட்த்துட்டாங்களா? நல்லா கீதே," என்றாள் முனியம்மாள்.

தப்பை நிரூபிக்கப் போனோம். ஐந்து வாய்தா. ஆவடிக்கு அந்த ஒரு பஸ்தான். அதில் ஏறாமல் ஐந்து தடவையும் நடந்தே வந்தாள். கண்டக்டர் கூண்டில் ஏறி, "கல்லு வெச்சேங்க. எவனோ எட்த்துட்டான்," என்றான். நேரில் பார்த்தவர்கள் பதினொரு பேர். எல்லோரும் தினம் அதே பஸ்ஸில் போகிறவர்கள். ஒருவரும் சாட்சிக்கு வரவில்லை. வழக்கு தள்ளுபடி ஆனது.

சாயங்காலம் கோர்ட் வாசலில் அவளோடு நின்றேன். பஸ் வந்தது. கண்டக்டர் குதித்திறங்கி, ஒரு கருங்கல்லைச் சக்கரத்தடியில் வைத்தான். அங்கே சரிவே கிடையாது.

"இன்னிக்கி வெக்கத் தெரிஞ்சிதா நைனா?" என்றாள்.

அவன் நிமிரவில்லை. "இருட்டப் போவுது, ஏறும்மா. டிக்கெட் வாணாம்."

அவள் நடந்தே போனாள்.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள் அகராதியைத் திறப்பதே இல்லை; அது தனிப் புலம்பல். திறந்தால், வழக்கொழிந்தது என்று போட்டிருக்கும் சொல்லைத் தாண்டிப் போகாதீர்கள். அது யாருக்குத் தொந்தரவாக இருந்தது என்று கேளுங்கள். அந்த பஸ் இன்னும் ஆறு வருஷம் ஓடியது. அந்த வருஷங்களை நான் எண்ணினேன்; வேறு யாரும் எண்ணவில்லை.