டிரம்மில் குறைந்த தண்ணீர்

எங்கள் அக்கா மறைந்து இந்த மாசியோடு ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி அழகாக எழுதக்கூடியவர்கள் எங்கள் குடும்பத்தில் பலர் உண்டு. ஆனாலும் அவருடைய கடைசி ஆறு ஆண்டுகள் ஒரே வீட்டில் கூட இருந்தவள் நான். அவர் விட்டுச்சென்ற வேலை ஒன்றும் என்னிடம் இருக்கிறது. ஆகவே தங்கையாகிய நானே எழுதுகிறேன்.

அக்கா சிவகங்கைப் பக்கம் ஒரு சிற்றூரில் பிறந்தார். மூன்று வயதில் அம்மாவோடு கப்பலேறி, அப்பா மேஸ்திரியாக இருந்த அந்தமானின் போர்ட் பிளேருக்கு வந்தார். நான் இங்கேயே பிறந்தவள். அப்பா திடீரென்று காலமானபோது அக்காவுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு, என்னைப் படிக்கவைத்துத் திருமணமும் செய்துகொடுத்தார். ஊரை ஒட்டிய கராச்சர்மாவில் இப்போது நான் இருக்கும் வீடு அவர் கட்டியது.

அவர் யாரையும் லேசில் நம்பமாட்டார் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். மெயின்லேண்டிலிருந்து வந்து இங்கே வேலை பார்த்த ஒருவர் அக்காவைப் பெண் கேட்டு வந்தார். வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போனது. “ஊரப் பத்திக் கேட்டா மட்டும் ஏன் பேச்ச மாத்துறாரு?” என்று அக்கா கேட்டார். விடுப்பில் ஊருக்குப் போன ஒருவரை விசாரிக்கச் சொன்னார். அந்த மனிதருக்கு அங்கே மனைவியும் குழந்தையும் இருந்தார்கள். அதன்பிறகு கல்யாணப் பேச்சையே அவர் எடுக்கவிடவில்லை. சந்தேகம்தான் தன்னைக் காப்பாற்றியது என்று உறுதியாக நம்பினார்.

ஓய்வுபெற்ற பிறகு அவருடைய நாள் முழுவதும் வீட்டின் பின்பக்கத் தோட்டத்தில்தான். கத்தரி, வெண்டை, புடலை, இரண்டு பப்பாளி. பழைய துண்டுகளைச் சிமெண்டுக் கரைசலில் முக்கி, கவிழ்த்த வாளியின்மேல் விரித்துக் காயவைத்துத் தொட்டிகள் செய்வார். மடிப்பு மடிப்பாகத் துணி தொங்குவதுபோலவே இருக்கும். நீலமும் காவியும் பூசி, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பார். அடுத்த மாதம் அவர்கள் வீட்டுக்குப் போனால், செடி வைத்திருக்கிறார்களா, குப்பை போட்டிருக்கிறார்களா என்று எட்டிப் பார்ப்பார்.

என் கணவர் காலமானபின், துறைமுகத்துக்கு அக்கரையில் பாம்பூஃப்ளாட்டில் குடியிருந்த குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நான் அக்காவிடம் வந்தேன். கணவர் வைத்த ரோஜாவிலிருந்து மூன்று குச்சிகளை வெட்டி, ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு படகேறினேன். ஒன்றுதான் பிழைத்தது. தொட்டியில் வைத்து ஒவ்வொரு கோடையிலும் எப்படியோ காப்பாற்றி வந்தேன்.

சென்ற ஆண்டுக்கு முந்தைய மாசியில் வறட்சி கடுமை. குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். “காய்க்கே பானி பத்தல. இதுல பூவுக்கு வேற ஊத்துவியா?” என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ரோஜா வாடியது. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு மாலதியிடம் கேட்டேன். வங்காளக் குடும்பம், எங்கள் இரு வீடுகளுக்கும் நடுவே ஒரு மூங்கில் வேலிதான். செடியைத் தொட்டியிலிருந்து எடுத்துத் தன் பலாமரத்து நிழலில் நட அவர் சம்மதித்தார். அக்கா குளிக்கப் போகும் நேரம் பார்த்து எங்கள் டிரம்மிலிருந்து அரைக்குடம் மொண்டு, வேலி தாண்டி ஊற்றி வருவேன்.

தண்ணீர் குறைவதை நான்காம் நாளே அக்கா கண்டுபிடித்துவிட்டார். டிரம்மின் உட்பக்கம் மார்க்கரால் கோடு போட்டார். மறுநாள் தண்ணீர் கோட்டுக்குக் கீழே நின்றது. சிலிண்டர் கொண்டுவருபவர், குழாய் திறந்துவிடும் லைன்மேன், எதிர்வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். மூடியின்மேல் கல்லை வைத்து, கல் நகர்ந்திருக்கிறதா என்று பார்த்தார். தண்ணீர் எடுத்த பிறகு அந்தக் கல்லை அதே இடத்தில் திரும்ப வைக்க நான் பழகிக்கொண்டேன். பேசாமல் இருந்தால் நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்று எண்ணினேன்.

ஒருநாள் காலையில் வேலியோரம் நின்ற அக்கா, பலாமரத்தடியில் ஈர மண்ணையும் ரோஜாவையும் பார்த்துவிட்டார். எங்கள் ரோஜா தொட்டியிலேயே பட்டுப்போய்விட்டது என்று நான் முன்பே சொல்லியிருந்தேன்.

“பாத்தியா, நம்ம தண்ணியில இவ ரோஜா வளக்குறா” என்றவர், குழாயடியில் தெருப் பெண்கள் நிற்கும்போதே மாலதியைக் கூப்பிட்டு, தண்ணீர் திருடுகிறாய் என்று இந்தியில் சொல்லிவிட்டார். “பானி சோரி கர்த்தி ஹை தும்.”

மாலதி என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

“மைனே நஹீ லியா, தீதி” என்று, தான் எடுக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு, பாதி நிறைந்த வாளியோடு உள்ளே போனார்.

மாலையில் வேலியருகே போய், ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன். “தும் போலோ. மை கியோ போலூ?” என்றார். சொல்ல வேண்டியவள் நீ, நான் ஏன் சொல்ல வேண்டும் என்று அதற்குப் பொருள். நான் சொல்லவில்லை. தண்ணீர் எடுப்பதை மட்டும் நிறுத்தினேன். அதன்பிறகு தன் வீட்டுத் தண்ணீரை ஊற்றி அந்தச் செடியை மழைக்காலம்வரை காப்பாற்றியவர் மாலதிதான். டிரம்மில் தண்ணீர் குறையாததைக் கண்டு, “கேட்டதும் நின்னுபோச்சு பாரு” என்று அக்கா இன்னும் உறுதியானார். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசிய உங்களில் பலரிடமும் அந்தக் கதையைச் சொன்னார்.

அடுத்த தை மாதம் அக்காவுக்கு இருதயம் பலவீனமாகி மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கும் அவர் மாறவில்லை. மாத்திரையின் நிறம் மாறினால் நர்ஸைக் கூப்பிட்டு விவரம் கேட்பார். மூன்றாம் நாள் மதியம் மாலதி குழைந்த சோறும் பருப்பும் எடுத்து வந்தார். அக்கா டிபன் பாக்ஸைத் தள்ளிவிட்டார்.

“அவ கையால எனக்கு எதுவும் வேணாம்.”

மாலதி பாக்ஸை மூடிக்கொண்டு வெளியே போனார். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை.

“அக்கா, தண்ணி எடுத்தது நான். அது நம்ம ரோஜா.”

அவர் கத்துவார் என்று பயந்தேன். அலுவலகத்தில் விசாரிப்பதுபோல நிதானமாகக் கேட்டார்.

“எத்தன நாளு?”

“பத்துப் பன்னெண்டு நாளு.”

“எப்ப?”

“நீங்க குளிக்கப் போறப்ப.”

“ஊருல உள்ள எல்லாரையும் சந்தேகப்பட்டேன். உன்னத்தான்டி விட்டுட்டேன்” என்றார்.

அந்தச் சொல் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

எட்டு நாள் என்னோடு பேசவில்லை. வீடு திரும்பிய அன்று, படுக்கச் சொல்லியும் கேளாமல், சுவரைப் பிடித்துக்கொண்டே பின்பக்கம் நடந்தார். வேலியருகே நின்று மாலதியை அழைத்து, “கல்தி மேரா ஹை” என்றார். அவர் அலுவலகத்தில்கூட யாரிடமும் தவறை ஒப்புக்கொண்டு நான் கேள்விப்பட்டதில்லை. மாலதி வேலியைச் சுற்றி ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று இரவுச் சாப்பாடு அந்த வீட்டிலிருந்துதான் வந்தது. அக்கா சாப்பிட்டார். மறுநாள் டிரம் மூடிக்குப் பூட்டு வாங்கிவரச் சொன்னார். சாவியை என்னிடம் தரவில்லை.

அதன்பின் மூன்று வாரம்தான் இருந்தார். கடைசி ஞாயிற்றுக்கிழமை போனைக் கையில் எடுத்தவர், மூச்சுவாங்கி, கீழே வைத்துவிட்டார். “எத்தன பேருகிட்டச் சொன்னேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. அத்தன பேருக்கும் நீதான் சொல்லணும்” என்றார்.

ஓராண்டாக எனக்கு அந்தத் துணிவு வரவில்லை.

அக்காவின் இறுதி நாட்களில் துணைநின்ற மருத்துவர்களுக்கும் நர்ஸுகளுக்கும், டிக்கெட் கிடைக்காத நேரத்திலும் எப்படியோ கப்பலேறி வந்துசேர்ந்த உறவினர்களுக்கும், காரியம் முடியும்வரை எங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்ட தெருப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாலதிக்கு நன்றி மட்டும் போதாது. அவர் எங்கள் வீட்டிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரும் எடுத்தவர் அல்லர். எடுத்தவள் நான். இதைப் படித்தவர்கள், படிக்காதவர்களுக்கும் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.