மாப்பிள்ளையை மட்டும் பிடித்த கேமரா

என் அத்தாவுக்குக் கீழ்க்கட்டளையில் எலெக்ட்ரிக்கல் கடை. நான் கால்பந்து ஆடிச் சம்பளம் வாங்குகிறேன் என்று தெரிந்ததிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் அவரிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "பையன் எத்தனை கோல் போட்டிருக்காரு பாய்?" அத்தா ஒயரை அளந்துகொண்டே சொல்வார்: "அவன் கோல் போடவும் மாட்டான், தடுக்கவும் மாட்டான். நடுவுல இருப்பான்." கேட்டவர்களுக்கு அது போதுமாக இருந்தது. மிட்ஃபீல்டர் என்றால் என்ன என்று பத்திரிகைக்காரர்கள் எழுதியதை நான் படித்திருக்கிறேன். அத்தா சொன்ன அளவுக்கு யாரும் தெளிவாகச் சொல்லவில்லை.

வேலை என்று பார்த்தால் சின்னதுதான். பின்னால் இருக்கிறவன் பந்தை எடுத்தால் நான் அவன் கண்ணில் படுகிற மாதிரி ஓர் இடத்துக்கு வர வேண்டும். அவன் கொடுப்பான். நான் திரும்பி, முன்னால் இருக்கிறவனுக்குக் கொடுப்பேன். தாம்பரத்தில் பள்ளிக்கூட அணியில் ஆரம்பித்து கோவா, கொல்கத்தா, வடகிழக்கு என்று பத்து வருஷத்துக்கு மேல் இதைத்தான் செய்தேன். ஒப்பந்தம் பெரும்பாலும் வருஷத்துக்கு ஒன்று. மே மாதம் வந்தால் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிவேன்.

எனக்கு முப்பத்தோரு வயதான மே மாதத்தில் கிளப்பிலிருந்து கூப்பிட்டு, அடுத்த சீசனுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காரணம் கேட்டேன். "நீ மேட்சுக்குள்ளேயே இல்லை" என்றார்கள். அது எனக்கு விளங்கவில்லை. எனக்குத் தெரிந்த காரணம் வேறு, அதைத்தான் வீட்டிலும் வெளியிலும் சொன்னேன்: "பசங்க எனக்குப் பந்தே கொடுக்கல." கையைத் தூக்கிக் கத்திக்கொண்டே இருப்பேன், பந்து வேறு பக்கம் போகும். பின்வரிசையில் ஆடிய ஒருவனோடு இதற்காகவே சண்டை போட்டு, இரண்டு மாதம் பேசாமல் இருந்தேன்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால் என் முட்டியில் தசைநார் கிழிந்திருந்தது. முதுகைக் காட்டியபடி பந்தை வாங்கும்போது பின்னாலிருந்து ஒருவன் வந்து மோதினான். ஆபரேஷன் செய்து, முட்டி பழையபடி ஆகிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது முடிந்துபோன கதை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆடி மாதம் ஏஜென்ட் கூப்பிட்டார். எனக்காகக் கிளப்புகளிடம் பேசுகிறவர், கோயம்புத்தூர்க்காரர். "ஒரு எடத்துல நடுவுல ஆள் தேடறாங்க. கோச்சுக்கு நீங்க ஆடறதப் பாக்கோணுமாம். போன சீசன் வீடியோவுல நீங்க பெஞ்சுல உக்காந்திருக்கறதுதானுங்க நல்லாத் தெரியுது. புதுசா நாலஞ்சு நிமிஷம் எடுத்து அனுப்புங்க. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள ஆகலீன்னா இந்த சீசன் அவ்வளவுதான்." முப்பத்தோரு வயதில் ஒரு சீசன் வீட்டில் உட்கார்ந்தவனை அதற்குப் பிறகு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் இரண்டு உள்ளூர் அணிகளுக்கு நட்பு ஆட்டம் இருந்தது. கேட்டுச் சேர்ந்துகொண்டேன். படம் பிடிக்க என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவனைக் கூப்பிட்டேன். அவன் கல்யாண வீடியோ எடுக்கிறவன், அத்தா கடைக்கு நாலு கடை தள்ளி ஸ்டூடியோ.

"ஆடி மாசம் மச்சான், ஒரு முகூர்த்தம் கெடையாது. கேமராவ கரையான் தின்னுகினு கீது. வர்றேன்" என்றான்.

"என்னை நல்லா எடுக்கணும்டா."

"உன்னத்தான எடுக்கணும்? வுடு."

அன்று நன்றாக ஆடினேன் என்றே நினைத்தேன். முதல் பாதி முழுக்கப் பந்து என்னைச் சுற்றியே இருந்தது. இடைவேளைக்குப் பிறகு ஒரு கனமான ஆள் பின்னாலிருந்து இடித்ததில் சேற்றில் விழுந்து, சிரித்துக்கொண்டே எழுந்தேன். அதன்பிறகு பந்து அவ்வளவாக வரவில்லை. இங்கேயும் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள் பார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். மைதான ஓரத்துத் தண்ணீர்த் தொட்டி மேல் நின்று படம் பிடித்த நண்பன் இறங்கி வந்து, "முழுசா கீது. ஒரு செகண்ட் வுடல" என்றான்.

மறுநாள் காலை ஸ்டூடியோவுக்குப் போனேன். மகளுடைய பாஸ்போர்ட் போட்டோவை வாங்க வேண்டும் என்று மனைவியும் கூட வந்தாள். நீர்வீழ்ச்சி படம் போட்ட திரைக்கு முன்னால் மூன்று ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். அவன் கம்ப்யூட்டரில் ஓடவிட்டான்.

திரை முழுக்க நான்தான். என்னைச் சுற்றிக் கொஞ்சம் புல், கிட்டே நிற்கிற எதிர் அணிக்காரன், அவ்வளவுதான். பந்து எங்கிருந்தோ வந்தது, என் காலில் பட்டது, எங்கேயோ போனது. கேமரா என் முகத்திலேயே இருந்தது.

"பந்து எங்கடா?" என்றேன்.

"அது போய்ட்ச்சு. நீ கீற பாரு."

"நான் யாருக்குப் பாஸ் கொடுத்தேன்னு தெரிய வேணாமா?"

"நீ இன்னா சொன்ன? என்னை எடுன்னு சொன்ன. மாப்ளைய எடுன்னா மாப்ளையத்தான் எடுப்பேன். எவன் சாப்ட்டான், எவன் சாப்டலன்னு பந்தி பந்தியா சுத்திகினா இருப்பேன்?"

நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன். மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் ஆடுவதை அவள் முழுதாகப் பார்த்ததே இல்லை. டிவியில் எப்போதாவது வந்தாலும் கேமரா பந்தோடு போய்விடும், நான் அதில் அரை நிமிஷம் தெரிந்தால் அதிகம்.

இரண்டாம் பாதி ஓடும்போது கேட்டாள். "ஏங்க, கையைத் தூக்கிப் பந்து கேக்குறீங்க. அப்புறம் ஏன் அந்தச் சிவப்புச் சட்டைக்காரர் பின்னாடி போய் நிக்கிறீங்க?"

"அது பொசிஷன்."

"ஓ" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இப்பவும் நின்னீங்க. இதுவும் பொசிஷனா?"

நண்பனிடம் வீடியோவைப் பின்னால் ஓட்டச் சொன்னேன். முதல் பாதியில் ஒழுங்காகத்தான் இருந்தேன். இரண்டு பேருக்கு நடுவில் காலி இடம் பார்த்து வருகிறேன், வாங்குகிறேன், திரும்புகிறேன். அந்தக் கனமான ஆள் இடித்தபிறகு வேறு மாதிரி. கை மேலே போகிறது, வாய் திறந்து கத்துகிறது, கால் இரண்டு எட்டு பக்கவாட்டில் நகர்ந்து எதிர் அணியின் சிவப்புச் சட்டைக்குப் பின்னால் போய்விடுகிறது. அங்கே நிற்கிறவனுக்குப் பந்து கொடுக்கவே முடியாது. ஒரு தடவை என்றால் தற்செயல் என்று சொல்லலாம். எண்ண ஆரம்பித்தேன், பாதியில் விட்டுவிட்டேன்.

நான் நடிக்கவில்லை. அதுதான் எனக்குக் குழப்பம். கத்தியது நன்றாக நினைவிருக்கிறது, பந்து வரவில்லை என்று கோபப்பட்டதும் நினைவிருக்கிறது. அந்த இரண்டு எட்டு மட்டும் நினைவில் இல்லை. அப்படியென்றால் போன சீசன் முழுக்க என்ன செய்தேன்? நான் பேசாமல் இருந்தேனே, அந்தப் பின்வரிசைக்காரன் ஒவ்வொரு தடவை தலையைத் தூக்கும்போதும் என்னை எங்கே பார்த்திருப்பான்?

நண்பன் மவுஸை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். "எனக்கு அங்கியே தெரியும் மச்சான்."

"என்ன தெரியும்?"

"சில மாப்ள இப்டித்தான் நிப்பான். சிரிப்பான், கை குடுப்பான், எல்லாம் கரீட்டா பண்ணுவான். ஆனா ஒரு எட்டு பின்னாடியே நிப்பான். நான் கேமராவ நகத்துனா அவனும் நகருவான். இன்னாப்பான்னு கேட்டா அவனுக்கே தெரியாது."

"அதுக்கு நீ என்ன பண்ணுவ?"

"நான் இன்னா பண்றது? ஆல்பம் போட்டுக் குடுப்பேன்."

எனக்கும் போட்டுக் கொடுத்தான். முதல் பாதியிலிருந்து நல்லதாக நாலு நிமிஷம் வெட்டினான். பாட்டு வேண்டாம், பூ கொட்ட வேண்டாம் என்று நான் பக்கத்திலேயே இருந்து தடுத்தேன். அன்று மாலையே அனுப்பினேன். புதன்கிழமை ஏஜென்ட் கூப்பிட்டார்.

"கோச்சுக்குப் புடிச்சிருக்குதுங்க. பந்து எங்க போவுதுன்னே தெரியல, ஆனா ஆள நல்லாத் தெரியுதுன்னாரு. மேட்ச முழுசா அனுப்பச் சொல்றாருங்க."

நண்பனிடம் போய்ச் சொன்னேன். "பாதியில பேட்டரி பூட்ச்சின்னு சொல்லு. நானே கல்யாண வூட்ல எத்தினி வாட்டி சொல்லிக்கீறேன்" என்றான். சொல்லியிருக்கலாம், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அத்தா கடையில் போய் உட்கார்ந்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு சுவிட்சைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"ஏன்டா, நடுவுல ஒளியறதுக்கு எடம் இருக்கா?"

"இருக்கு அத்தா."

"பரவால்லையே" என்றார். அவர் என்னைப் பாராட்டினாரா, வருத்தப்பட்டாரா என்று இன்னும் தெரியாது.

வியாழக்கிழமை காலை முழு ஆட்டத்தையும் அனுப்பிவிட்டேன். நேர்மை என்று யாராவது சொன்னால் எனக்குக் கூச்சமாக இருக்கும். ஆட்டம் தெரிந்த ஒருவர் பார்த்து, இது என்னவென்று எனக்குச் சொல்லட்டும் என்று இருந்தது. வேலை போனாலும் போகட்டும் என்று நினைத்தேனா என்றால், அப்படியும் இல்லை. அனுப்பிய நிமிஷமே பேட்டரி யோசனை நல்ல யோசனையாகத் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சிக்னலில் வண்டியில் நிற்கும்போது போன் வந்தது. ஓரம் கட்டி எடுத்தேன்.

"ஒரே ஒரு கேள்விதானுங்க கேட்டாரு" என்றார் ஏஜென்ட். "செகண்ட் ஹாஃப்ல உங்களுக்கு என்னாச்சுன்னு. என்னங்க சொல்லட்டும்?"

முட்டி, சேறு, வெயில், ஆடிப் பழகாத அணி என்று என்னிடம் நாலு பதில் தயாராக இருந்தன. போன சீசனில் ஆட்டம் சரியில்லாத நாட்களில் நாலையும் யார் யாரிடமோ சொல்லியிருந்தேன்.

"தெரியலன்னு சொல்லுங்க."

"தெரியலன்னா சொல்றது?"

"ஆமாங்க. தெரியல."

நான் மேடவாக்கம் போய்ச் சேருவதற்குள் மறுபடி கூப்பிட்டார். "வரச் சொல்லிட்டாருங்க. பத்து நாள் ட்ரையல், கையெழுத்தெல்லாம் அப்புறந்தான்."

மனைவி பெட்டியில் துணி அடுக்கும்போது கேட்டாள். "முழுசாவே பாத்தாரா?"

"பாத்தாரு."

"பாத்தும் கூப்பிடுறாரா? ஏன்?"

"தெரியல."

"அங்க போய்க் கேளுங்க."

நான் கேட்கவில்லை. கோச்சும் அதைப் பற்றிப் பேசவில்லை. முதல் நாள் பயிற்சியில் பின்வரிசைக்காரன் பந்தோடு தலையைத் தூக்கினான். என் கை பாதி மேலே போய்விட்டது. அதை இறக்கிவிட்டுக் காலி இடத்துக்குப் போனேன். பந்து வந்தது, முதுகுக்குப் பின்னால் ஒருவன் மூச்சு வாங்குவது கேட்டது. திரும்ப முடியவில்லை, கொடுத்தவனுக்கே திருப்பிக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி கொடுத்தான். பத்தாவது நாள் ஒரு சீசனுக்குக் கையெழுத்துப் போட்டேன். பிறகு இன்னொரு சீசன். இந்த இரண்டு வருஷத்திலும் ஆட்டத்தில் நான் கையைத் தூக்கியதுமில்லை, கத்தியதுமில்லை. "வாயில்லாதவன்" என்று என்னோடு ஆடுகிறவர்கள் கேலி செய்கிறார்கள். கையைத் தூக்கினால் எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிடும் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

இந்த ஆடியிலும் ஒப்பந்தம் முடிந்து வீட்டில்தான் இருக்கிறேன். போன ஞாயிறு அதே மைதானத்தில் ஆடினேன், அதே தொட்டி மேலிருந்து நண்பன் என்னை மட்டும் எடுத்தான். நீர்வீழ்ச்சிக்கு முன்னால் மறுபடி உட்கார்ந்து பார்த்தோம். ஆட்டம் முடியப் போகிற நேரம். கை கீழேதான் இருக்கிறது. எதிர் அணி நீலச் சட்டைக்காரன் ஒருவன் பக்கத்தில் நின்று, சட்டென்று இரண்டு எட்டு நகர்கிறேன்.

"இது பொசிஷனா?" என்றாள் மனைவி.

நண்பன் கேட்காமலேயே பின்னால் ஓட்டினான். பார்த்தேன். இன்னொரு தடவை ஓட்டச் சொன்னேன்.

"இரு" என்றேன். "பாத்துட்டுச் சொல்றேன்."