‘ஆம்’ சேர்க்காத பேச்சு

“மரத்துலேருந்து பொத்துனு கழுத்துல விழுந்துச்சு பாம்பு. சில்லுன்னு இருந்துச்சு!” என்று சொல்லிப் பிச்சையம்மாள் தன் கழுத்தைத் தடவிக்கொண்டாள். பாம்பு விழுந்தது வள்ளியம்மையின் கழுத்தில். அந்த வள்ளியம்மை வாளியோடு அதே குழாயடியில்தான் நின்றாள்.

“ஏக்கா, பாம்பு எங்கழுத்துலல்ல விழுந்துச்சு?”

“நீதான் அலறிக்கிட்டு ஓடிட்டியே. நின்னு சொல்ல ஒரு ஆள் வேணாமா?”

மலாயாவில், பெண்டாங் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிச்சையம்மாள் பிள்ளைக் கொட்டகை ஆயா. விடிவதற்குள் தாய்மார் பிள்ளைகளைத் தூளியில் போட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போய்விடுவார்கள். அப்புறம் பேச்சு வராத பிள்ளைகளும் அவளும்தான். தூளியை ஆட்டியபடி, “அப்புறம் என்னா ஆச்சு?” என்று கேட்பாள். பிள்ளை கொட்டாவி விடும். வேலை முடிந்து வருகிறவர்கள் வாசலில் ஆளுக்கொரு சேதியை உதிர்த்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். சாயங்காலம் குழாயடியில் அத்தனையும் அவளுக்கே நடந்ததாகிவிடும். வந்தானாம், போனானாம் என்று ஊரார் போடுகிற ‘ஆம்’ அவள் வாயில் வராது. வந்தான், போனான், நான் பார்த்தேன்.

ஒன்றே ஒன்றில் மட்டும் போடுவாள். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் இழுத்துப்போன கணவர். “காலராவுல போயிட்டாராம்” என்பாள். அதற்குமேல் ஒரு சொல் இராது.

காட்டுக்குள்ளிருந்து கம்யூனிஸ்டுகள் வெள்ளைக்காரனோடு சண்டை போட, அவசரகாலம் வந்து, தொழிலாளர் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். காட்டு ஆட்களைக் கண்டவர் உடனே போலீசில் சொல்லியாக வேண்டும், மறைத்தால் சிறை. ஒருநாள் மகளைத் தூக்க வந்த பால்மரம் வெட்டுகிற குழந்தைவேலு, வாசலிலேயே குரலைத் தாழ்த்தினான். ஓடைக்கரையில் துப்பாக்கியோடு இரண்டு பேரைப் பார்த்திருந்தான்.

“போலீசுக்குச் சொன்னா அவனுங்க என்னைய விடமாட்டானுங்க. சொல்லலைன்னா இவனுங்க விடமாட்டானுங்க. மூணு பிள்ளைக்கா. எம்பேரு வெளிய வரக்கூடாது.”

அவன் பேரை அவள் வெளியே விடவில்லைதான். “ஓடைக்கரையில ரெண்டு பேர், கையில துப்பாக்கி. எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு!” என்று குழாயடியில் தன் கதையாகவே சொன்னாள்.

மறுநாள் ஜீப் வந்தது.

ஸ்டேஷனில் தமிழ் சார்ஜன்ட் சிரித்தார். “கொட்டகைய விட்டு நீ எப்ப ஆயா ஓடைக்குப் போனே? யாரு சொன்னா? பேரச் சொல்லிட்டுப் போய்க்கிட்டே இரு லா.”

‘பார்த்தாங்களாம்’ என்று ஒரு சொல். சொன்னால் அவள் வீட்டுக்குப் போகலாம். குழந்தைவேலு உள்ளே போவான்.

“நான்தான் பாத்தேன்.”

“ஏன் வந்து சொல்லல?”

“பயமா இருந்துச்சுய்யா.”

அன்றைக்கு அவள் சொன்னதில் அது ஒன்றுதான் அவளுக்கே நடந்தது.

அலோர் ஸ்டார் சிறையில் வைத்திருந்துவிட்டு, மழைக்காலம் முடிந்ததும் விட்டார்கள். திரும்பியபோது கொட்டகையில் வேறு ஆயா இருந்தாள். குழாயடியில் பெண்கள் விலகி அவள் வாளிக்கு இடம் விட்டார்கள்.

“உள்ள என்னாக்கா பண்ணாங்க? அடிச்சாங்களா?” என்றாள் வள்ளியம்மை. எல்லாரும் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். குழந்தைவேலுவின் மனைவி மட்டும் நிமிரவில்லை. தான் சொன்னதைப் போலீசுக்குக் கொண்டுபோனது இந்தக் காதுகளில் எது என்று பிச்சையம்மாளுக்குத் தெரியாது.

வாயைத் திறந்தாள். பிறகு குனிந்து, குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள்.