ஏகாம்பரத்தின் களாச்சரிவு

ஏகாம்பரம் கண்ணில் கோணல் படக்கூடாது. சுவரில் காலண்டர் அரை விரல் சாய்ந்திருந்தால், அடுத்தவர் வீடென்றும் பார்க்காமல் எழுந்து போய் நேராக்கிவிடுவார். அம்பத்தூர் எஸ்டேட்டில் டின் டப்பா செய்யும் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருஷம் தகடு வெட்டியவர். அங்கே ஒரு நூல் பிசகினாலும் டப்பாவுக்கு மூடி உட்காராது.

கம்பெனியை மூடியபோது அவருக்கு ஐம்பத்தொரு வயது. ஆள் எடுக்க வந்த ஏஜென்சிக்காரர் "தோட்ட வேலை தெரியுமா?" என்று கேட்டார். "அதெல்லாம் கரைச்சி குட்ச்சிகீறேன் சார்" என்று அடித்துவிட்டார் ஏகாம்பரம். அதுவரை அவர் வளர்த்த ஒரே செடி, பட்டாபிராம் வீட்டு வாசலில் யாரும் நடாமல் தானாக முளைத்த ஒரு பப்பாளி.

அப்படித்தான் நசரத்பேட்டையில் தொண்ணூற்றாறு வீடுகள் கொண்ட அடுக்குமாடிக்கு அவர் தோட்டக்காரராக வந்து சேர்ந்தார். முன்பக்கத்துத் தொட்டிச் செடிகளோடு எப்படியோ சமாளித்துவிட்டார். வம்பு பின்பக்கத்தில் இருந்தது. பி பிளாக்குக்குப் பின்னால், மழைநீர்க் கால்வாயை நோக்கி இறங்கும் நூறடி நீளச் சரிவு. மண்ணைக் கொட்டி மேடாக்கிய இடம். இரண்டு முறை புல் பாய் விரித்தார்கள். இரண்டு முறையும் ஐப்பசி மழை அதைப் பாயாகவே சுருட்டிக் கால்வாயில் போட்டது.

"சிமெண்ட் பூசிடலாம்னு எல்லாரும் சொல்றாங்கண்ணா" என்றான் குடியிருப்போர் சங்கச் செயலாளர் விக்ரம். கோயம்புத்தூர்ப் பையன், ஐ.டி. வேலை, கெட்டவனில்லை. "பூசிட்டா தொட்டிச் செடி மட்டும்தான். அதுக்கு தனியா ஒரு ஆள் எதுக்குன்னு கேக்கறாங்க."

வேலை போகும் என்பதை இதைவிட மரியாதையாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

வழி காட்டியவர் தரைத்தளத்து ஃபக்ருன்னிசா. பூந்தமல்லியில் பிறந்தவர், ஆர்டர் எடுத்து பிரியாணி செய்பவர். பூந்தமல்லியில் அவர் அம்மா வீட்டு மதில் ஓரமாக ஒரு களாச்செடி உண்டு. கத்தரிக்காய்த் தொக்குக்குப் புளிக்குப் பதில் களாக்காய் போடுவது அந்த வீட்டு வழக்கம்.

"தண்ணி கேக்காது, ஆடு தின்னாது, வருஷம் பூரா பச்சையா நிக்கும். வேர் மண்ணைப் பிடிச்சா விடாதுண்ணே" என்று ஒரு கிண்ணம் பழுத்த களாவைக் கொடுத்தார். "பழத்தைத் தின்னுட்டு விதையை அன்னைக்கே போட்டுடுங்க. காய வெச்சா முளைக்காது."

சங்கம் மூன்று மழை அவகாசம் கொடுத்தது.

ஏகாம்பரம் நாற்பது கன்று வளர்த்தார். உயரமாகப் போனவற்றின் கீழ்க்கிளைகளைத் தரையோடு சாய்த்து, மேலே கிளைக்கொரு செங்கல்லை வைத்தார். செங்கல் இருந்த இடத்தில் வேர் இறங்கியது. மூன்றாம் மழைக்குள் சரிவு முழுக்க முழங்கால் உயரத்துக்கு ஒரே பச்சை. அவர் கைகளில் கீறல் இல்லாத இடமில்லை. இலையைக் கிள்ளினால் வடியும் பால் விரலிடுக்கில் கறுத்துப் பிசினாக ஒட்டியிருந்தது.

முள்தான் தொல்லை. குழந்தைகளின் பந்து உள்ளே போனால் போனதுதான். இரண்டாம் மாடி ஆக்னஸ் டீச்சர், ரிட்டையரான கணக்கு டீச்சர், கொடியிலிருந்து பறந்துபோன நல்ல புடவையை அதிலிருந்து மூன்று துண்டாக எடுத்தார்.

"முள்ளை வளர்க்க ஒரு ஆளு, அந்த ஆளுக்கு ஒரு சம்பளம்!"

"கோச்சிக்காத டீச்சர். இந்த வருசம் காய்க்கும். ஊட்டுக்குக் கால் கிலோ களாக்கா, முதல் பை உனுக்குத்தான்."

"எழுதி வெச்சுக்கறேன். ஜூன் கூட்டத்துல கேப்பேன்."

ஃபக்ருன்னிசா தன் மகளின் பிரசவத்துக்காக பெங்களூர் போயிருந்த சமயம் அது. பிப்ரவரியில் களாச்செடிகள் நாலா பக்கமும் துளிர் விட்டன. ஒன்று நீட்டமாக, ஒன்று குட்டையாக, ஒன்று வழிமேல் எட்டிப் பார்த்தபடி. ஏகாம்பரத்துக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு கைப்பிடி போட்ட பெரிய கத்தரியைச் சாணை பிடித்து, இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை கயிறு கட்டி, நாலே நாளில் சரிவைத் தகடுபோல வெட்டி நிறுத்தினார். வாட்ஸ்அப் குழுவில் போட்டோ வந்தது. நாற்பது பேர் கைதட்டினார்கள். அவர் வாழ்க்கையிலேயே அவ்வளவு பேர் சேர்ந்து அவரைப் பாராட்டியதில்லை.

ஏப்ரல் கடைசியில் ஃபக்ருன்னிசா திரும்பி வந்தார். பெட்டியைக்கூடத் திறக்காமல் பின்பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"பூவெல்லாம் எங்கண்ணே?"

"இன்னா பூ பாயம்மா?"

"களா துளிர் நுனியிலதான் பூக்கும். நுனியெல்லாம் எங்கே?"

நுனியெல்லாம் பன்னிரண்டு சாக்கில் குப்பை வண்டியில் ஏறிப்போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"செடிண்ணே அது, தகடா?"

மே மாதம் முழுக்க அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கூட்டத்துக்கு முந்தின நாள் பூந்தமல்லி மார்க்கெட்டுக்குப் பையோடு போனார். தள்ளுவண்டியில் களாக்காய், வெள்ளையும் சிவப்புமாகக் குவிந்து கிடந்தது. வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தால் எவருக்குத் தெரியும்? வண்டிக்காரர் தட்டில் அள்ளிப் போட்டார். ஏகாம்பரம் ஒரு காயை எடுத்து உருட்டிப் பார்த்தார், திரும்பவும் குவியலில் வைத்தார்.

"இன்னா நைனா, வோணாமா?"

"எங்க செடியிலேயே கீதுபா" என்றார். வாயிலிருந்து அது எப்படி வந்ததென்று அவருக்கே தெரியாது. சரி, சொன்னோமே என்று நேராகச் சரிவுக்குப் போய், கையில் துணி சுற்றிக்கொண்டு அடிவரிசையைத் தூக்கிப் பார்த்தார். செங்கல்லுக்கடியில் படுத்துக்கிடந்த கிளைகள். அவை ஏற்கெனவே தரையோடு தரையாக இருந்ததால், கத்தரிக்கு அங்கே வேலை இருக்கவில்லை. அவற்றின் நுனியெல்லாம் கொத்துக் கொத்தாகக் காய்.

மொத்தம் ஒரு பேசின் தேறியது.

ஃபக்ருன்னிசா பேசினைப் பார்த்தார். "தொண்ணூத்தாறு வீட்டுக்கு இதைப் பங்கு போட்டா ஆளுக்கு மூணு காய்கூட வராது. இங்க குடுங்க." கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு, நல்லெண்ணெயில் ஒரு வதக்கு வதக்கி இறக்கினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம். மூன்றாவது விஷயமாகச் சரிவு வந்தது. ஆக்னஸ் டீச்சர் கையைத் தூக்கினார்.

"எங்கே என் கால் கிலோ?"

ஏகாம்பரம் எழுந்தார். "செடி மேல தப்பு இல்ல டீச்சர். நான்தான் வெட்டிட்டேன். அழகா இருக்கணும்னு பூவையும் சேத்து வெட்டிட்டேன். கீழ வரிசையில தப்பிச்சது இவ்ளோதான்."

யாரோ சிரித்தார்கள். ஃபக்ருன்னிசா ஒரு குண்டான் தயிர்சாதத்தையும் களாக்காய் ஊறுகாயையும் மேசையில் வைத்தார். தொண்ணூற்றாறு வீட்டில் நாற்பது வீட்டார் வந்திருந்தார்கள். இலைத்துண்டில் ஆளுக்கு ஒரு கரண்டி சாதம், இரண்டு காய். வரிசை முழுக்க நாக்கைச் சப்புக்கொட்டும் சத்தம் கேட்டது.

ஆக்னஸ் டீச்சர் இலையைத் துடைத்து மடித்தார். "செயலாளர், போன மழைக்குக் கால்வாயிலேர்ந்து எத்தனை லோடு மண்ணு அள்ளினோம்?"

விக்ரம் போனைத் தடவிப் பார்த்தான். "அதுக்கு முந்தின வருஷங்கள்ல நாலு, அஞ்சுங்க. போன மழைக்கு..." நிமிர்ந்தான். "ஒரு கூடைகூட அள்ளலைங்க."

"அப்ப சிமெண்ட் எதுக்கு? இருக்கட்டும் செடி. இந்த மனுஷனும் இருக்கட்டும். ஒரே ஒரு நிபந்தனை. ஏகாம்பரம், அந்தக் கத்தரியை என்கிட்ட கொண்டாங்க. காய் பறிச்சு முடிச்சப்புறம் வந்து வாங்கிக்குங்க. வெட்டறதை அப்ப வெட்டுங்க."

கைகள் உயர்ந்தன. ஏகாம்பரம் எண்ணவில்லை. கண்ணீர் மறைத்தது. உட்காரத் தெரியாமல் நின்றுகொண்டே இருந்தார். ஃபக்ருன்னிசாதான் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

அன்றிலிருந்து தொட்டிச் செடிக்கு ஒரு சின்னக் கத்தரி மட்டும்தான் அவரிடம். பெரியது ஆக்னஸ் டீச்சர் வீட்டுப் பரணில். அந்த ஆகஸ்டில் கையெழுத்துப் போட்டு வாங்கி, வெட்டி, கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

இந்த பிப்ரவரியில் சரிவு முழுக்க மல்லிகை மாதிரிச் சின்ன வெள்ளைப் பூ. காலையில் வந்ததும் ஏகாம்பரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு நடை நடப்பார். இந்த வேலை நிலைத்ததற்கு யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்துப் பார்ப்பார். ஃபக்ருன்னிசா, டீச்சர், விக்ரம், மார்க்கெட்டு வண்டிக்காரர், அந்தச் செங்கல்கள். எங்கே ஆரம்பித்தாலும் ஒருவர் விட்டுப்போவார்.

நேற்று வழியோரத்தில் ஒரு துளிர் ஒரு முழம் நீட்டிக்கொண்டு நின்றது. பார்த்தார், போனார், திரும்பி வந்து பார்த்தார். கடைசியில் இரண்டு மாடி ஏறிக் கதவைத் தட்டினார்.

"டீச்சர், ஒரே ஒரு குச்சி. கண்ணுல குத்துது."

"பூ இருக்கா அதுல?"

"...கீது."

"உள்ள வாங்க, மோர் குடிச்சிட்டுப் போங்க" என்றார் ஆக்னஸ் டீச்சர்.

ஏகாம்பரம் செருப்பைக் கழற்றினார். பக்கத்தில் கிடந்த டீச்சரின் செருப்பு சற்றுக் கோணலாக இருந்தது. அதைக் காலாலேயே நேராக்கிவிட்டு உள்ளே போனார்.