ஓர் ஊரே ஆற்றில் இறங்கிய நாள்

போன மாதம் ஜெர்மனியில், முழங்காலுக்கு மேல் வரும் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, ஓர் ஆற்றில் நின்று தங்கம் தேடினேன். சிரிக்காதீர்கள். நிஜமாகவே கிடைக்கிறது!

அழைத்துப் போனது ராஜேஸ்வரி. யாழ்ப்பாணத்துப் பெண். எசன் நகரத்தில், முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. கணவர் இன்னும் கொழும்பில், விசாவுக்காகக் காத்திருக்கிறார். நான் அவள் வீட்டில்தான் தங்கியிருந்தேன். “பெர்லின் மதில் விழுந்த பிறகும் அந்தக் கிழக்குப் பக்கம் நான் போனதேயில்லை, வாங்கோ அக்கா” என்று அவளே காரைக் கிளப்பிவிட்டாள்.

துரிங்கியா மாநிலம். ஷ்வார்ட்சா என்றொரு ஆறு... இரண்டு பக்கமும் காடு ஏறிய மலை, நடுவில் சின்னஞ்சிறு ஊர். கூரையெல்லாம் கறுப்புக் கல் ஓடு. எத்தனையோ தலைமுறைக்கு முன், தங்கம் என்ற ஒரே வார்த்தையைக் கேட்டு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து குவிந்த இடமாம். இப்போது பேக்கரி வாசலில் ஒரு பூனை படுத்திருக்கிறது. அவ்வளவுதான் கூட்டம்.

அங்கே ஹில்டா என்ற பெண்மணி. அறுபதைத் தொடுகிற வயது. பீங்கான் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இரண்டு ஜெர்மனியும் ஒன்றானதும் அதை மூடிவிட்டார்கள். பலர் மேற்கே போனார்கள்; இவர் ஆற்றில் இறங்கிவிட்டார். ஊர் பார்க்க வருகிறவர்களுக்குத் தங்கம் அரிக்கக் கற்றுத் தருகிறார். அகலத் தட்டில் மணலை அள்ளித் தண்ணீரில் சுழற்ற வேண்டும். மண் கரைந்து போய்விடும். கனமான தங்கம் அடியில் தங்கும். எனக்கு ரவையில் பாதியளவு ஒரு துணுக்கு அகப்பட்டது. என்ன பெருமை எனக்கு!

அதைக் காட்டத் திரும்பினால், ராஜி கழுத்தைத் தடவிக்கொண்டு நிற்கிறாள். முகம் வெளுத்திருந்தது. தாலிக்கொடியைக் காணவில்லை.

“இப்ப இருந்தது அக்கா... குனிஞ்சு நிமிர்ந்தன், காணேல்லை.”

கணவரைப் பிரிந்து வந்த நாளிலிருந்து கழற்றாதது. அது போனால் அங்கே அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா?

அது என்ன நகை என்று ஜெர்மனில் ராஜி சொன்னதை ஹில்டா கேட்டுக்கொண்டார். காலை அசைக்காமல் நில்லுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, கரையேறி ஊருக்குள் போனார்.

கொஞ்ச நேரத்தில் பேக்கரிக்காரர் மாவுக் கையோடு வருகிறார். பின்னாலேயே மதுக்கடைக்காரர், தபால் கொடுக்கும் பெண், அக்கம்பக்கத்தவர்கள்... ஆளுக்கொரு தட்டு! வீட்டுக்கு வீடு பரணில் ஒன்று வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. வரிசையாக ஆற்றில் இறங்கினார்கள்.

தங்கம் என்றால் மனிதர்கள் ஓடிவருவார்கள் — தெரிந்த கதைதான். இன்னொருத்தி கழுத்துக்குப் போக வேண்டிய தங்கத்துக்காக ஓடிவந்து நான் பார்த்ததில்லை.

தண்ணீரோ ஐஸ். ராஜியின் உதடு நீலம் பாரித்துவிட்டது. கரைக்கு வா என்றேன்.

“ஏலாது அக்கா.”

ஹில்டா தன் கம்பளிக் கோட்டை அவள் தோளில் போட்டுவிட்டு ஏதோ சொன்னார். ராஜி எனக்குத் தமிழில் சொன்னாள்: தங்கம் தூரம் ஓடாதாம், கல்லுக்குப் பின்னால் படுத்துக்கொள்ளுமாம்.

அப்படித்தான் படுத்திருந்தது. வெயில் மலைக்குப் பின்னால் இறங்கும் நேரம், ஒரு பாறையின் அடியில் அள்ளிய மணலில், ஹில்டாவின் தட்டில்! பேக்கரிக்காரர் தொப்பியைக் கழற்றினார். ராஜி தண்ணீரிலேயே உட்கார்ந்து அழுதாள்.

பிறகு ஹில்டாவின் சமையலறையில் சூடான காபி. கொடியின் விட்டுப்போன கொக்கியைக் குறடால் நெளித்துச் சரி செய்தபடி, பேச்சுவாக்கில் அவர் சொன்னார் — கணவர் இறந்து வெகுகாலமாகிறது, தனியாகத்தான் இருக்கிறேன் என்று.

ராஜியின் விரல்கள் விறைத்துப்போயிருந்தன. கொடியைப் பிடிக்க முடியவில்லை. நான் எழுந்தேன். சுமங்கலி நான், என் கைதானே நீள வேண்டும்? கணவனை இழந்தவர்களைத் தாலி பக்கம் நாம் என்றைக்கு விட்டிருக்கிறோம்?

“இருங்கோ அக்கா,” என்றாள் ராஜி. “அவாதான் எடுத்துத் தந்தவா. அவாவே போட்டுவிடட்டும்.”

கூந்தலை ஒதுக்கிக்கொண்டு ஹில்டாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். ஹில்டா மாட்டினார். மெல்ல இழுத்துப் பார்த்தார். இனிமேல் நிற்குமா என்று ஜெர்மனில் கேட்டார்.

“ஓம்” என்றாள் ராஜி, தமிழில்.