கேரட் கருவாடு

என் மனைவி நர்ஸ். கல்யாணமாகி ஒன்றரை வருடம் சேர்ந்து இருந்தோம். அப்புறம் அவளுக்குக் குன்னூர்ப் பக்கம் மாற்றல் வந்தது. நான் மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். இரண்டு சம்பளத்தில் ஒன்றை விடுகிற நிலைமையில் நாங்கள் இல்லை. "ஒரு வருஷம்தானே, வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு ரயிலேறினாள். எழுபதுகளின் ஆரம்பம் அது.

பெசன்ட் நகரில் ஒரு மாடி அறையில் இருந்தேன். சமைக்க ஒரு மூலை, கதவைத் திறந்தால் மொட்டை மாடி. கீழே வீட்டுக்காரர்கள், திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். தி.நகரில் அவர்களுக்கு ஜவுளிக்கடை. காலையில் போனால் கடையடைத்த பிறகுதான் வருவார்கள். அந்த அம்மாள் மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பார். தெருவில் பாதி மனைகளில் வீடே எழும்பவில்லை. பள்ளியில் பகல் முழுக்கக் கத்திவிட்டு வந்தால், மறுநாள் காலைவரை என் குரல் எனக்குத் தேவைப்படாது.

அவள் போன முதல் மாதமே ஒரு கோணி மூட்டை ரயில் பார்சலில் வந்தது. சென்ட்ரலுக்குப் போய் எடுத்து, பஸ்ஸில் கண்டக்டரிடம் பேச்சு வாங்கிக்கொண்டு கொண்டுவந்தேன். பிரித்தால் கேரட். மண் ஒட்டிக்கொண்டு, தழையோடு, விரல் விரலாக. பின்னாலேயே கடிதமும் வந்தது. "உங்கள் கண்ணாடிப் பவர் ஏறிக்கொண்டே போகிறது. தினம் இரண்டு கேரட் பச்சையாகச் சாப்பிடுங்கள்."

சாப்பிட்டேன். பச்சையாகவும், பொரியலாகவும், சாம்பாரில் போட்டும். ஒரு வாரத்தில் மூட்டையின் அடிப்பக்கம் கொழகொழத்து நாற ஆரம்பித்தது. கீழ்வீட்டு அம்மாளிடம் ஒரு முறத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாளும் போனபோது, "போதும் சார், இவ்வளவையும் வச்சு என்ன செய்ய?" என்றார். மிச்சத்தைத் தெருமுனையில் ஒரு மாட்டுக்குப் போட்டேன். அது தின்னும்வரை பக்கத்தில் நின்றேன். ஏதோ தப்புச் செய்ததுபோல இருந்தது. அன்றைக்கே, "கேரட் எல்லாம் தீர்ந்துவிட்டது, ரொம்ப நன்றாக இருந்தது" என்று அவளுக்கு எழுதினேன்.

அடுத்த மாதம் இரண்டு மூட்டை வந்தது.

அப்போதெல்லாம் சாயங்காலம் கடற்கரைக்கு நடப்பேன். ஊரூர் குப்பத்துப் பெண்கள் மணலில் வலையை விரித்து மீன் காயப்போட்டிருப்பார்கள். அதைப் பார்த்தபோதுதான் அந்த யோசனை வந்தது. கேட்கக் கூச்சமாக இருந்ததால் மூன்று நாள் சும்மா போய் நின்றேன். காய்ந்த மீனைக் கூடையில் வாரிக்கொண்டிருந்த ஒருத்தி, என் வயதுதான் இருப்பாள், நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா வாத்தியாரே, மூணு நாளா வந்து பாத்துக்கினே கீறே? கருவாடு வோணுமா?"

"இல்லம்மா. இதை எப்படிக் காய வைக்கிறீங்கன்னு..."

"எதுக்கு?"

"வீட்டுல கேரட் நிறைய இருக்கு. கெட்டுப்போகாம வைக்கணும்."

அவள் இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். தள்ளி நின்ற இன்னொருத்தியிடம், "ஏய், இத்தக் கேளு! கேரட்ட கருவாடு போடப் போறாராம்!" என்று கத்தினாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"ஊட்டுக்காரம்மா எங்க?"

"குன்னூர்ல வேலை."

"அப்ப தனியாவா கீறே?"

ஆமாம் என்றேன். அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டிருக்கவில்லை.

அவள் கூடையைக் கீழே வைத்தாள். "எறா கீதில்ல, அத்த உப்புத் தண்ணில ஒரு கொதி அவிச்சித்தான் காயப்போடுவோம். நீயும் அப்டிச் செய்யி. மெல்லிசா அரிஞ்சிக்கோ. கொதிக்கிற தண்ணில போட்டு ஒடனே எட்த்துடு, வெந்துடப் போவுது. வெயில் சாயறதுக்கு முன்னாடி உள்ள கொண்டாந்துடணும். இங்க ராவானா கடக்காத்து ஈரம். ஒரு ராத்திரி வெளிய வுட்டியானா அம்புட்டும் பூத்துடும்."

அவள் எச்சரித்தும் முதல் தடவை கோட்டைவிட்டேன். பரீட்சைப் பேப்பர் திருத்தும் அசதியில் தூங்கிப்போய், மாடியிலேயே விட்டுவிட்டேன். இரண்டு நாளில் கறுத்துப் பிசுபிசுத்தது. அடுத்த மாதமும் இரண்டு மூட்டை வந்தது, அந்தத் தடவை விடவில்லை. ஞாயிறு முழுக்கச் சீவி, வட்டமாக நறுக்கி, உப்பு போட்டுக் கொதித்த தண்ணீரில் முக்கி எடுத்து, வெள்ளை வேட்டியில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பினேன். நான்கு மூலையிலும் செங்கல். காலையில் விரித்துவிட்டுப் பள்ளிக்குப் போவேன். மணி அடித்ததும் யாரோடும் டீ குடிக்க நிற்காமல் பஸ் பிடிப்பேன். வீட்டுக்கு அவசரமாகப் போக ஒரு காரணம் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

நான்காம் நாள் வில்லைகள் சுருங்கி, வளைத்தால் படக்கென்று ஒடிந்தன. இரண்டு மூட்டையும் மூன்று பால்பவுடர் டின்னில் அடங்கிவிட்டன. ஒரு பிடி எடுத்துப்போய் அந்த மீன்காரப் பெண்ணிடம் காட்டினேன். ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "தேறிட்டே வாத்தியாரே" என்றாள்.

மூட்டைகள் மாதாமாதம் வந்தன. நானும் காய வைத்தேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் முடியவில்லை. அறைக்குள் கயிறு கட்டி, ஊசி நூலில் கோத்துத் தொங்கவிட்டுப் பார்த்தேன், பூஞ்சை பிடித்தது. அந்த இரண்டு மாதமும் வேலையில்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மனைவிக்கு எழுதிய கடிதங்களில் வழக்கம்போல, தினம் இரண்டு சாப்பிடுவதாகவே எழுதினேன்.

அடுத்த மே மாதம் பத்து நாள் லீவில் வந்தாள். முதல் நாளே துவரம்பருப்பு தேடி அலமாரியைத் திறந்தாள். பதினோரு டின்கள் வரிசையாக இருந்தன.

"என்னங்க இது?"

"கேரட்."

ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். "அப்போ நீங்க சாப்பிடவே இல்லையா?"

"சாப்பிட்டேன். ஒருத்தன் எவ்வளவு சாப்பிட முடியும்?"

"ஒரு வரி எழுதியிருந்தா அனுப்பாம இருந்திருப்பேனே."

"அதனாலதான் எழுதல."

அவள் டின்னை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வில்லையை எடுத்துப் புரட்டிக்கொண்டே சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சா எனக்குப் போக இடமே கிடையாது. க்வார்ட்டர்ஸ்ல மத்தவங்க குடும்பத்தோட இருக்காங்க. சந்தைக்குப் போவேன். மெதுவா ஒவ்வொண்ணா பொறுக்குவேன். மூட்டையைத் தைச்சு, ஸ்டேஷன்ல போட்டுட்டு வந்தா மத்தியானம் ஆயிடும். அரை நாள் போயிடும்."

அவள் எழுந்து ஒரு கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி ஒரு பிடியை ஊறப்போட்டாள். அன்றைக்குச் சாம்பார் அதில்தான். "பரவாயில்லையே" என்று இரண்டாம் தடவை போட்டுக்கொண்டாள். கிளம்பும்போது நான்கு டின்னைத் துணிகளுக்கு நடுவில் வைத்து எடுத்துப்போனாள். ஆடியில் கடிதம் வந்தது. மழை விடவே இல்லை, சந்தைக்கு இறங்கும் பாதை வழுக்குகிறது, உங்கள் கேரட்டைத்தான் ஊறவைத்துச் சாப்பிடுகிறேன் என்று எழுதியிருந்தாள்.

ஒரு வருஷம் என்று போனவளுக்கு நான்காம் வருஷம்தான் சென்னைக்கு மாற்றல் கிடைத்தது. எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தோம். ஆனால் அவள் வந்து பல மாதங்கள்வரை நாங்கள் தட்டுத்தடுமாறினோம். நான் பழைய பழக்கத்தில் ஒருவனுக்கு மட்டும் உலை வைத்துவிடுவேன். அவள் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிய பிறகுதான் என் ஞாபகம் வந்து பதறுவாள். சமையல் மூலையிலிருந்து அவள் ஏதாவது கேட்டால், யாரிடம் பேசுகிறாள் என்று நான் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.